முடிவு தெரிந்தவர்கள் எழுதும் கனவு

வரலாற்று நாவலில் ஒரு பாத்திரம் கனவு காண ஆரம்பித்தாலே தனக்கு நம்பிக்கை போய்விடுகிறது என்று நண்பர் ஒருவர் சொன்னார். பேச்சு, புகச்சோவ் என்ற கலகக்காரன் வரும் புஷ்கினின் ‘கேப்டன் மகள்’ நாவல் பற்றி. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி நம்மூருக்கு வந்த சோவியத் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர் அவர். ரஷ்ய எழுத்தை லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார். அவரே இப்படிச் சொன்னார்: ‘புகச்சோவுக்கு என்ன ஆச்சு என்று எழுதுகிறவனுக்குத் தெரியும், படிக்கிறவனுக்கும் தெரியும். தெரிந்த முடிவை ஒருத்தன் தூக்கத்துக்குள் ஒளித்து வைத்துவிட்டு, பின்னால் பலித்துவிட்டது பார் என்றால் எப்படி? பார்த்து எழுதிய விடைத்தாளுக்கு மார்க் கேட்கிற மாதிரி இருக்கிறது.’

அப்போது எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது நியாயமாகவும் பட்டது, எங்கோ உதைக்கவும் செய்தது. கனவைத் தள்ளிவிட்டால் ரஷ்ய வரலாற்றுப் புனைவில் பாதி போய்விடுமே என்பது ஒரு பக்கம். அதைவிட, கனவு வரும் இடங்களில் எல்லாம் பக்கத்திலேயே ஓர் அரச வம்சக் கதையும் நிற்கிறது. இறந்த இளவரசன் உயிரோடு இருக்கிறான், இந்தக் கிரீடம் பைசாந்தியத்திலிருந்து வந்தது, இந்தக் குலத்துக்கு ஒரு சாபம் இருக்கிறது என்பது போன்றவை. இரண்டும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்று யோசித்துக்கொண்டே பழைய புத்தகங்களை மறுபடி எடுத்தேன்.

வேரைத் தேடிப் போனால் ‘ஈகோர் படையெடுப்பின் கதை’ என்ற பழைய ரஷ்யக் காவியத்தில் போய் நிற்கும். அதில் கீவ் அரசர் ஸ்வியாதஸ்லாவ் ஒரு கனவு காண்கிறார். தன்மேல் கருப்புத் துணி போர்த்துகிறார்கள், துயரம் கலந்த நீல மதுவை ஊற்றித் தருகிறார்கள், காலி அம்பறாத்தூணிகளிலிருந்து முத்துகளை மார்பில் கொட்டுகிறார்கள், பொன் வேய்ந்த மாளிகையின் கூரையில் முகட்டு மரத்தைக் காணோம், இரவெல்லாம் காக்கைகள் கரைகின்றன. விழித்ததும் பிரபுக்கள் பொருள் சொல்கிறார்கள். ஆனால் கதையின் வரிசையைக் கவனித்தால் ஒன்று தெரியும். 1185-இல் ஸ்டெப்பி புல்வெளியில் இளவரசர் ஈகோர் தோற்றுச் சிறைப்பட்டது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, கீவ் அரசருக்கு மட்டும்தான் இன்னும் தெரியாது. இனி வரப்போவது எதையும் அந்தக் கனவு சொல்லவில்லை, தூதனை முந்திக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். என் நண்பரின் குற்றச்சாட்டு 800 வருஷத்துக்கு முந்தைய கவிஞனுக்கே பொருந்தும் போலிருக்கிறது.

சுதோவ் மடத்தில் ஓர் இரவு

‘போரிஸ் கோதுனவ்’ நாவல் இல்லை, நாடகம். 1825-இல் மிகைலோவ்ஸ்கோயே கிராமத்தில் கண்காணிப்பில் இருந்தபோது புஷ்கின் எழுதி முடித்தது. அடுத்த வருஷம் ஜார் முதலாம் நிக்கோலாய், இதை வால்டர் ஸ்காட் பாணியில் வரலாற்று நாவலாக மாற்றி எழுதலாமே என்று யோசனை சொன்னார். புஷ்கின் மறுத்துவிட்டார். ஜார்கள் இலக்கிய விமர்சகர்களாக இருப்பதன் தொல்லை தனிக் கட்டுரைக்கு உரியது, விடுங்கள்.

1603. கிரெம்ளினுக்குள் அப்போது இருந்த சுதோவ் மடத்தில் ஓர் அறை. விளக்கு எரிகிறது. பீமென் என்ற வயதான துறவி தன் வரலாற்றுக் குறிப்பின் கடைசிக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறார். அதே அறையில் தூங்கிக்கொண்டிருந்த இளம் துறவி கிரிகோரி திடுக்கிட்டு எழுகிறான். மறுபடி அதே கனவு, மூன்றாவது முறை. செங்குத்தான படிக்கட்டு அவனை ஒரு கோபுரத்துக்கு இட்டுச் செல்கிறது. மேலிருந்து பார்த்தால் மாஸ்கோ எறும்புப் புற்று போலத் தெரிகிறது. கீழே சதுக்கத்தில் கூட்டம் கொதிக்கிறது, அவனைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறது. வெட்கமும் பயமும் பிடுங்க, தலைகுப்புற விழும்போது விழிப்பு வந்துவிடுகிறது.

பீமென் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இளரத்தம் துள்ளுகிறது, பிரார்த்தனையாலும் நோன்பாலும் அடக்கு என்கிறார். பிறகு தன் கனவுகளைப் பற்றிப் பேசுகிறார். இரவு நீண்ட ஜெபம் செய்யாமல் அசந்துவிட்டால் அவருக்கும் நல்ல தூக்கம் கிடையாது. ஆரவாரமான விருந்துகள், படை முகாம், கைகலப்புகள், இளமைக்காலக் கூத்துகள் எல்லாம் வந்து நிற்கும். ஒரே அறையில் இரண்டு பேர் தூங்குகிறார்கள். வரலாறு எழுதும் கிழவரின் கனவு பின்னால் பார்க்கிறது, வரலாற்றுக்குள் நுழையப்போகும் பையனின் கனவு முன்னால் பார்க்கிறது. இதை புஷ்கின் அழுத்திச் சொல்வதே இல்லை, போகிற போக்கில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

நான் கடைசியில் வந்து நின்றது இந்தக் காட்சியின் பின்பகுதியில். பேச்சு உக்லிச் நகரத்துக் கொலைக்குப் போகிறது. முன்பு ஆண்ட ஜார் பயங்கர இவானின் கடைசி மகன் திமீத்ரி 1591 மே 15 அன்று அங்கே இறந்தான். பின்னாளில் ஜார் ஆன போரிஸ் கோதுனவ்தான் ஆள் வைத்துக் கொன்றார் என்பது பீமெனின் கதை. வரலாற்றாசிரியர் கரம்சீன் வழியாக புஷ்கினும் அதையே எடுத்துக்கொண்டார். கிரிகோரி கேட்கிறான்: கொல்லப்பட்டபோது இளவரசனுக்கு என்ன வயது? கிழவர் கணக்குப் போடுகிறார். ஏழு இருக்கும். அது ஆகிப் பத்து வருஷம்... இல்லையில்லை, பன்னிரண்டு. இருந்திருந்தால் உன் வயது அவனுக்கு, அரசாண்டுகொண்டிருப்பான்.

இவ்வளவுதான். இறந்த இளவரசன் நான்தான் என்று கிரிகோரி கிளம்பி, ரஷ்யாவை உலுக்கிய போலி திமீத்ரியாகப் பிறந்தது இந்தக் கணக்கில். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத ஒரு துறவி, வருஷத்தைச் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று திருத்திய கணக்கு அது. கனவு அதற்கு முன்பே வந்துவிட்டது, கவனியுங்கள். ‘நான்தான் திமீத்ரி’ என்ற எண்ணமே முளைக்காதபோது, ஏறுவதற்கு முன்பே, விழுவதை மூன்று முறை பார்த்துவிட்டான். கனவு அவனை எதற்கும் தூண்டவில்லை, எதிலிருந்தும் தடுக்கவும் இல்லை. அவனைக் கிளப்பிவிட்டது, செத்துப்போன ஒரு சிறுவனைப் பற்றிய வம்சக் கதை. கனவுக்கு முடிவு தெரியும், ஆனால் யாரையும் நகர்த்தும் சக்தி அதற்கு இல்லை. நகர்த்துவது கதைதான்.

நண்பருக்கு முதலில் சொல்ல நினைத்தது இன்னொன்று. அந்தக் கனவு நாடகத்துக்குள் பலிப்பதே கிடையாது. 1605 ஜூனில், கோதுனவின் மகன் கொல்லப்பட்டு போலி திமீத்ரி மாஸ்கோவுக்குள் நுழைய வழி திறந்ததும் திரை விழுந்துவிடுகிறது. கிரிகோரி அப்போது வெற்றியின் உச்சியில் இருக்கிறான். நிஜ வரலாற்றில் அவன் விழுந்தது பதினோரு மாதம் கழித்து, 1606 மே 17 அன்று. சதிகாரர்கள் அரண்மனைக்குள் புகுந்தபோது ஜன்னல் வழியே குதித்துக் காலை உடைத்துக்கொண்டான். கொன்று, உடலைச் செஞ்சதுக்கத்தில் வேடிக்கைப் பொருளாகக் கிடத்தினார்கள். கோபுரம், சதுக்கம், சிரிக்கும் கூட்டம் எல்லாம் அப்படியே வருகின்றன, நாடகத்துக்கு வெளியே. விடைத்தாள் உவமையை வைத்தே பேசினால், புஷ்கின் அந்தக் கேள்விக்கு விடையே எழுதவில்லை.

ஒரே ஆள், மூன்று சாட்சியம்

வம்சக் கதைகள் எப்படிச் செய்யப்படுகின்றன என்பதற்கு ஷூயிஸ்கியை விட நல்ல பாடம் கிடையாது. இளவரசர் வசீலி ஷூயிஸ்கி நிஜ மனிதர், புஷ்கினின் நாடகத்திலும் முக்கியப் பாத்திரம். 1591-இல் உக்லிச்சுக்கு அனுப்பப்பட்ட விசாரணைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். சிறுவன் கத்தியை வைத்து விளையாடும்போது வலிப்பு வந்து தானே குத்திக்கொண்டான், விபத்து என்று குழு முடிவு சொன்னது. 1605-இல் போலி திமீத்ரி வந்தபோது, இளவரசன் உயிர் தப்பிவிட்டான், புதைத்தது வேறு பையனை என்றார். 1606-இல் அந்த ஆளைக் கவிழ்த்துத் தானே ஜார் ஆனதும் மூன்றாவது சாட்சியம்: கோதுனவ் கொன்றுவிட்டார், சிறுவன் புனித தியாகி. உடலை உக்லிச்சிலிருந்து மாஸ்கோவுக்குக் கொண்டுவந்து புனிதராக அறிவித்தார்கள். இரண்டாவது சாட்சியத்தின்படி அந்தக் கல்லறையில் திமீத்ரியே இல்லை. சரி, அதை யார் கேட்கப் போகிறார்கள்?

இந்த மூன்றாவது கதைக்குத் துணையாகப் புஷ்கின் இன்னொரு கனவை வைத்திருக்கிறார். அரசவையில் மதத் தலைவர் எழுந்து ஒரு குருட்டு இடையனைப் பற்றிச் சொல்கிறார். தூக்கத்தில் ஒரு குழந்தைக் குரல் அவனைக் கூப்பிடுகிறது: எழுந்திரு தாத்தா, உக்லிச்சுக்குப் போ, என் கல்லறைமேல் பிரார்த்தனை செய். யார் நீ என்றால், நான் இளவரசன் திமீத்ரி என்கிறது குரல். இடையன் போகிறான், பார்வை கிடைக்கிறது. ஆகவே அந்தப் புனித உடலை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்து வைத்தால் போலிக்காரனின் வண்டவாளம் வெளிப்பட்டுவிடும் என்கிறார் தலைவர், சற்றும் கபடமில்லாமல். கொன்றதாகச் சொல்லப்படும் ஜார் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். கதை நடக்கும்போது அவர் திரும்பத் திரும்ப முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். அவையில் ஒருத்தருக்கும் மூச்சு வரவில்லை. பேச்சைச் சமாளித்துத் திருப்பிவிடுவது யார்? ஷூயிஸ்கி. பிற்பாடு அதே யோசனையை நிஜமாகவே செய்துகாட்டிய ஷூயிஸ்கி.

மூன்றாவதாக கோதுனவுக்கே ஒரு கனவு உண்டு. பதின்மூன்று வருஷமாகக் கொல்லப்பட்ட குழந்தை கனவில் வந்தது இதற்குத்தானா என்று தனியே புலம்புகிறார். அதே புலம்பலின் முடிவில்தான் ரஷ்யர்கள் இன்றும் பழமொழி போலச் சொல்லும் வரி வருகிறது: மனமாக்கின் மகுடமே, நீ எவ்வளவு கனம்! அந்த மகுடமும் ஒரு வம்சக் கதை. பைசாந்தியப் பேரரசர் கான்ஸ்தந்தீன் மனமாக் தன் மகுடத்தைக் கீவின் விளதீமிர் மனமாக்குக்கு அனுப்பினார் என்று 16ஆம் நூற்றாண்டில் மாஸ்கோ அவையில் எழுதிவைத்தார்கள். கான்ஸ்தந்தீன் இறந்தது 1055-இல். அப்போது விளதீமிருக்கு இரண்டு வயது. மகுடத்தின் பொன் வேலைப்பாட்டைப் பார்த்தவர்களில் பலர் அது மத்திய ஆசியக் கைவரிசை, தாத்தாரிய கான்களின் காலத்தது என்கிறார்கள். 1547-இல் பயங்கர இவான் அதை அணிந்துதான் ஜார் ஆனார். ஜார்களின் மூதாதை ரூரிக்கின் வம்சம் ரோமாபுரி அகஸ்டஸின் உறவுக்காரன் புரூஸ் என்பவனிடமிருந்து வந்தது என்பதும் அந்த எழுத்தில் உண்டு.

கதைகளுக்கு அரசவையில் ஏன் அவ்வளவு மதிப்பு என்று இங்கே விளங்குகிறது. கதை வைத்திருப்பவனுக்குச் சொத்து கிடைக்கும். கனவால் யாருக்கும் ஒன்றும் கிடைத்ததில்லை, இடையனைத் தவிர. அவனுடைய கனவு மட்டும் அரசியலுக்குப் பயன்பட்டது. அதனாலோ என்னவோ, மூன்று கனவுகளில் அதைத்தான் நான் கொஞ்சமும் நம்புவதில்லை. புஷ்கினும் அதை மேடையில் நடத்திக் காட்டாமல், ஒருவர் வாய்வழியாக மட்டுமே வரவைக்கிறார்.

தீர்க்கதரிசனத்தை ஆயுதமாகவே எடுத்துக் காட்டியவர் அலெக்சேய் கான்ஸ்தந்தீனவிச் டால்ஸ்டாய், பெரிய டால்ஸ்டாயின் தூரத்து உறவு. அவருடைய ‘பயங்கர இவானின் மரணம்’ நாடகத்தில், புனித கிரீல் நாளில் ஜார் இறப்பார் என்று மந்திரவாதிகள் குறி சொல்லிவிடுகிறார்கள். நாள் வருகிறது, ஜார் தெம்பாக இருக்கிறார், சதுரங்கம் ஆடுகிறார், பொய் சொன்ன மந்திரவாதிகளைத் தீர்த்துக்கட்ட நினைக்கிறார். கோபம் வந்தால் உயிருக்கு ஆபத்து என்று வைத்தியர் எச்சரித்திருக்கிறார். இது கோதுனவுக்குத் தெரியும். அவர் நிதானமாக வந்து மந்திரவாதிகளின் பதிலைச் சொல்கிறார்: கிரீல் நாள் இன்னும் முடியவில்லை. ஜார் கொதித்தெழுந்து அப்படியே சாய்கிறார். குறி பலித்ததா, பலிக்கவைக்கப்பட்டதா? இங்கிலாந்து வணிகர் ஜெரோம் ஹார்சியின் குறிப்புகளில் இந்தக் கதையின் மூலம் இருக்கிறது, அங்கே செய்தி கொண்டுபோகிறவர் வேறு பிரபு. கோதுனவின் கையில் கொடுத்தது டால்ஸ்டாயின் வேலை. மேடையில் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் படித்து முடித்ததும் மனதில் தங்குவது கோதுனவின் சாமர்த்தியம்தான்.

பனிப்புயலில் வந்த தாடிக்காரன்

‘கேப்டன் மகள்’ 1836-இல் வந்தது. இரண்டாம் அத்தியாயம். இளம் அதிகாரி கிரினியோவ் ஓரன்பர்க் பக்கம் போகும்போது பனிப்புயலில் வழி தவறுகிறான். எங்கிருந்தோ ஒரு வழிப்போக்கன் வந்து, புகை வாசனையை வைத்து ஊர் எந்தப் பக்கம் என்று சொல்கிறான். வண்டி ஆடி ஆடிப் போகிறது, கிரினியோவ் கண்ணயர்கிறான்.

கனவில் வீட்டுக்கு வந்துவிட்டான். அப்பா சாகக் கிடக்கிறார் என்கிறாள் அம்மா. கட்டிலருகே போய் மண்டியிட்டால், அங்கே அப்பா இல்லை. கருப்புத் தாடி வைத்த குடியானவன் ஒருவன் படுத்துக்கொண்டு குஷியாகப் பார்க்கிறான். இவர்தான் உன் கல்யாணத்தில் அப்பா ஸ்தானத்தில் நிற்பவர், கையை முத்தமிட்டு ஆசி வாங்கிக்கொள் என்கிறாள் அம்மா. மாட்டேன் என்கிறான். உடனே தாடிக்காரன் துள்ளி எழுந்து, முதுகுக்குப் பின்னாலிருந்து கோடாலியை உருவிச் சுழற்றுகிறான். அறையெல்லாம் பிணம். கால் இடறுகிறது, ரத்தத்தில் வழுக்குகிறது. தாடிக்காரனோ அன்பாகக் கூப்பிடுகிறான்: பயப்படாதே, வா, ஆசீர்வாதம் வாங்கிக்கொள்.

அந்த வழிப்போக்கன்தான் எமெல்யான் புகச்சோவ். பீட்டர் மன்னர் சாகவில்லை, அவர்தான் நான் என்று சொல்லிக்கொண்டு 1773-இல் யாயிக் நதிக்கரையின் கொசாக் குதிரைவீரர்களைத் திரட்டி எழுந்தவன். மூன்றாம் பீட்டர் 1762-லேயே கொல்லப்பட்டுவிட்டார். கனவில் வந்த ஒவ்வொன்றும் நாவலில் பின்னால் நடக்கிறது. கோட்டை விழுகிறது, பிணங்கள் விழுகின்றன. கையை முத்தமிடச் சொல்லிச் சுற்றி நிற்பவர்கள் கிரினியோவை நெருக்குகிறார்கள், அவன் மறுக்கிறான். புயல் இரவில் தந்த முயல்தோல் கோட்டுக்காக புகச்சோவ் அவனை உயிரோடு விடுகிறான், கடைசியில் காதலியையும் மீட்டுக் கையில் ஒப்படைக்கிறான், உன் கல்யாணத்துக்கு நானே அப்பாவாக நிற்கட்டுமா என்றும் கேட்கிறான். நண்பருக்கு எரிச்சல் வந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் கனவைச் சொல்வது யார்? எல்லாம் முடிந்து வயதான பிறகு நினைவுக்குறிப்பு எழுதும் கிரினியோவ். மூடநம்பிக்கையை எவ்வளவு இளக்காரமாகப் பேசினாலும் மனுஷன் அதில் விழுவது இயல்புதானே, வாசகர் மன்னிப்பார் என்று அவனே முன்கூட்டி ஒரு வரி போட்டுவிடுகிறான். பனிப்புயலில் உண்மையில் என்ன கனவு வந்ததோ, முப்பது நாற்பது வருஷத்தில் அது என்னவாக ஆனதோ! தாடிக்குக் கறுப்பு எப்போது ஏறியது? புஷ்கின் இதைச் சொல்வதில்லை, வாசகன் சந்தேகப்பட மட்டும் இடம் விடுகிறார். இதே புஷ்கின் இரண்டு வருஷம் முன்பு புகச்சோவ் பற்றி ஆவணங்களைத் தோண்டி ஒரு வரலாற்று நூலும் வெளியிட்டவர். ஜார் அதன் தலைப்பை ‘புகச்சோவ் கலகத்தின் வரலாறு’ என்று மாற்றினார். குற்றவாளிக்குத் தனியாக வரலாறு கூடாது போலும். படைகள், முற்றுகைகள், தூக்குகள் என்று வறண்ட, கச்சிதமான நடை. வரலாற்றாசிரியனாக எழுதும்போது தூக்கத்துக்குள் நுழையாத ஆள், நாவலில் நுழைகிறார் என்றால் அது சோம்பேறித்தனமாக இருக்க முடியாது.

எனக்கு விடை கிடைத்தது பதினோராம் அத்தியாயத்தில். வண்டியில் புகச்சோவும் கிரினியோவும் பக்கத்தில் பக்கத்தில் போகிறார்கள். புகச்சோவ் திடீரென்று மனம் திறக்கிறான். என் தெரு குறுகல், எனக்குச் சுதந்திரம் கம்மி, என் பையன்கள் ரொம்பப் புத்திசாலிகள், திருடர்கள், முதல் தோல்வியிலேயே என் தலையைக் கொடுத்துத் தங்கள் கழுத்தை மீட்டுக்கொள்வார்கள். 1774 செப்டம்பரில் அப்படியேதான் நடந்தது, கூட இருந்த கொசாக்குகளே பிடித்துக் கொடுத்தார்கள். இது சுத்தமான தீர்க்கதரிசனம். ஆனால் கனவில்லை, விழித்திருக்கும் ஒரு மனிதன் தன் ஆட்களை எடைபோட்டுச் சொல்வது. அப்படியானால் கதரீன் ராணியின் கருணையைக் கேட்டுச் சரணடையலாமே என்கிறான் கிரினியோவ். நேரம் கடந்துவிட்டது, இப்படியே போக வேண்டியதுதான், யார் கண்டது, பலித்தாலும் பலிக்கும், கிரிஷ்கா ஒத்ரேப்யெவ் மாஸ்கோவை ஆளவில்லையா என்கிறான் புகச்சோவ்.

கிரிஷ்கா ஒத்ரேப்யெவ், அதாவது சுதோவ் மடத்தில் மூன்று முறை விழுந்து எழுந்த அதே கிரிகோரி! பதினோரு வருஷத்துக்கு முன்பு புஷ்கின் எழுதிய கனவுக்காரன், இப்போது இன்னொரு போலி ஜாருக்கு முன்னுதாரணமாக வந்து நிற்கிறான். கிரினியோவ் சொல்கிறான்: அவன் எப்படி முடிந்தான் தெரியுமா? ஜன்னல் வழியே எறிந்தார்கள், வெட்டினார்கள், எரித்தார்கள், சாம்பலைப் பீரங்கியில் அடைத்துச் சுட்டார்கள். நாடகத்தில் புஷ்கின் எழுதாமல் விட்ட முடிவு இங்கே ஒரு வண்டிப் பேச்சில் வந்து சேர்கிறது. கேட்ட புகச்சோவ் மறுத்துப் பேசவில்லை. கல்மிக் இனத்துக் கிழவி ஒருத்தி சொன்ன கழுகு-காக்கைக் கதையைச் சொல்கிறான். முன்னூறு வருஷம் பிணம் தின்று வாழ்வதை விட ஒரு முறை பச்சை ரத்தம் குடிப்பது மேல், பிறகு கடவுள் விட்ட வழி.

இதைப் படித்தபோது நண்பரின் வாதத்தில் எனக்கு உதைத்தது எதுவென்று பிடிபட்டது. எழுத்தாளனுக்கு முடிவு தெரியும் என்பது அவருக்குக் குறையாகப் படுகிறது. இங்கே பாத்திரத்துக்கே முடிவு தெரியும். கிரிகோரி மூன்று முறை பார்த்தான், புகச்சோவ் வாய்விட்டே சொல்கிறான். தெரிந்தும் போகிறார்கள். வாசகனைக் கட்டிப்போடுவது ‘என்ன ஆகும்’ என்ற கேள்வியே இல்லை, தெரிந்த பிறகும் ஒருத்தன் எப்படி அடுத்த அடி எடுத்து வைக்கிறான் என்பது. கனவு இல்லாமல் அதை எழுத முடியாதா என்றால், முடியும். பதினோராம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறாரே. ஆனால் கனவு அங்கே முதலில் வந்து அந்த தாடிக்காரனை அன்பானவனாகவும் கொலைகாரனாகவும் ஒரே நேரத்தில் காட்டிவிடுவதால்தான், வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மேல் நமக்குப் பயமும் வருகிறது, பிரியமும் வருகிறது.

லியோ டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ முடியும் இடத்திலும் இப்படியொரு கனவு உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1820 டிசம்பர். பெரியவர்கள் அரசியல் வாக்குவாதம் செய்ததை மூலையில் உட்கார்ந்து கேட்ட 15 வயது நிக்கோலென்கா இரவில் கனவு காண்கிறான். அவனும் அப்பாவின் நண்பர் பியேரும் பழங்காலத் தலைக்கவசத்தோடு பெரும்படைக்கு முன்னால் போகிறார்கள். படை, காற்றில் பறக்கும் சிலந்தி இழைகளால் ஆனது. வழியில் மாமா நிக்கோலாய் மறித்து நிற்கிறார்: உங்கள்மேல் அன்பு உண்டு, ஆனால் ஜாரின் நம்பிக்கைக்குரிய அரக்சேயெவ் ஆணையிட்டார், முன்னே வருபவனைக் கொல்வேன். திரும்பிப் பார்த்தால் பியேர் இறந்துபோன அப்பாவாக மாறிவிட்டார். ஐந்து வருஷம் கழித்து 1825 டிசம்பர் 14 அன்று பீட்டர்ஸ்பர்க் செனட் சதுக்கத்தில் ஜாருக்கு எதிராக நடக்கப்போகும் எழுச்சி எந்த ரஷ்ய வாசகனுக்கும் தெரியும். டால்ஸ்டாய் அந்த எழுச்சியைப் பற்றித்தான் முதலில் எழுத உட்கார்ந்தார், பின்னோக்கிப் போய்ப் போய் 1805-இல் தொடங்கிவிட்டார். எழுதாத நாவல் கடைசியில் ஒரு பையனின் தூக்கத்தில் ஒதுங்கிக்கொண்டது.

தேதி மாறினால்

இந்த அளவில் என் பதிலை நண்பருக்கு எழுதி அனுப்பியிருப்பேன். மெரெஷ்கோவ்ஸ்கி என்ற ரஷ்ய நாவலாசிரியர் குறுக்கே வந்துவிட்டார். அவருடைய ‘பீட்டரும் அலெக்சேயும்’ நாவலில் மகா பீட்டர் தன் மகன் அலெக்சேயை விசாரித்துச் சாகடிக்கிறார். அது வரலாறு. இளவரசன் 1718-இல் பீட்டர்-பால் கோட்டைக்குள் இறந்தான். நாவலில் சாகும் முன் அவன் அப்பாவைச் சபிக்கிறான்: ரஷ்ய ஜார்களின் ரத்தத்தை முதலில் சிந்துகிறவர் நீர். இந்த ரத்தம் தலையிலிருந்து தலைக்கு இறங்கும், கடைசி ஜார்கள் வரைக்கும். நம் குலமே ரத்தத்தில் அழியும். உமக்காகக் கடவுள் ரஷ்யாவைத் தண்டிப்பார்.

படிக்கும்போது சிரிப்புதான் வரும். இவ்வளவு அப்பட்டமாகவா? யெகாதெரின்பர்க்கின் நிலவறையில் 1918 ஜூலையில் கடைசி ஜார் குடும்பத்தோடு கொல்லப்பட்டதை வைத்துக்கொண்டு பின்னோக்கி எழுதிய சாபம் என்று யாருக்கும் தோன்றும். சாபத்திலிருந்து சரியாக 200 வருஷம் வேறு. ஆனால் நாவல் வெளியானது 1904-05இல். எழுதியவருக்கு முடிவு தெரியாது, அப்போது யாருக்குமே தெரியாது.

நண்பரின் விதிப்படி இது அப்பழுக்கில்லாத தீர்க்கதரிசனம், புஷ்கினுடையது ஏமாற்று. படிப்பவனின் அனுபவமோ நேர்மாறு. புஷ்கினின் கனவு உயிரோடு இருக்கிறது, மெரெஷ்கோவ்ஸ்கியின் சாபம் நாடகக் கம்பெனி வசனம் போல ஒலிக்கிறது. பலித்துவிட்டது என்பதற்காக ஒரு பக்கம் நல்ல பக்கம் ஆகிவிடாது. அலெக்சேய் அந்த வரிகளைச் சொல்லும்போது அலெக்சேயாக இல்லை. பயந்த, குடிக்கிற, அப்பாவின் நிழலைக் கண்டாலே நடுங்குகிற அந்தப் பாவப்பட்ட மனிதனை மெரெஷ்கோவ்ஸ்கியே அவ்வளவு அழகாக எழுதியிருந்தார். சாபம் அவன் வாய்க்குள் வெளியிலிருந்து வைத்தது. கிரிகோரியின் கனவில் இருக்கும் வெட்கம் கிரிகோரியினுடையது.

வரலாறு வேறு சில நேரங்களில் நாவலாசிரியனை விட மோசமாக எழுதுகிறது. ரொமானோவ் வம்சத்தின் முதல் ஜார் மிகைல் 1613-இல் கஸ்த்ரமாவின் இபாத்தியெவ் மடத்தில் அரியணையை ஏற்றார், கடைசி ஜார் குடும்பத்தோடு கொல்லப்பட்ட வீடு இபாத்தியெவ் என்ற பொறியாளருடையது. போலி திமீத்ரியின் விதவை மரீனா மினிஷெக்குக்கு இரண்டாம் போலி திமீத்ரி மூலம் பிறந்த மூன்று வயதுக் குழந்தையை, புதிய வம்சம் 1614-இல் மாஸ்கோவில் தூக்கிலிட்டது. அப்போது தாய் ரொமானோவ்களைச் சபித்தாள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. சாபம் இருந்ததோ இல்லையோ, தூக்கு உண்மை. இவ்வளவையும் ஒரே நாவலில் கொண்டுவந்தால் எந்த ஆசிரியரும் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

சாகாத ஜார்கள்

திமீத்ரி சாகவில்லை, மூன்றாம் பீட்டர் சாகவில்லை. அந்த வரிசையில் அடுத்தவர் முதலாம் அலெக்சாந்தர். 1825-இல் தாகன்ரோகில் அவர் இறந்தது பொய், வேறு உடலைப் புதைத்துவிட்டுத் துறவியாகிப் போய்விட்டார், சைபீரியாவில் வாழ்ந்து 1864-இல் தோம்ஸ்கில் இறந்த பெரியவர் ஃபியோதர் குஸ்மிச்தான் அவர் என்று மக்கள் நம்பினார்கள். டால்ஸ்டாய் 1905-இல் அதை வைத்து ஜாரின் வாக்குமூலம் போல ஒரு கதை தொடங்கினார், முடிக்கவில்லை. இருவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்று வரலாற்றாய்வாளரான இளவரசர் நிக்கோலாய் மிகைலவிச் ஆதாரங்களை அடுக்கியபோது டால்ஸ்டாய் 1907-இல் பதில் எழுதினார்: வரலாற்றில் அது நடந்திருக்க முடியாது என்று நிரூபணமானாலும், கதை தன் எல்லா அழகோடும் உண்மையோடும் நிற்கிறது. தொடர்ந்து எழுத நேரமில்லை, வரப்போகும் பயணத்துக்கு மூட்டை கட்ட வேண்டும், வருத்தமாக இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு அழகு என்பதில் முழுச் சம்மதம் இல்லை. குஸ்மிச் படை திரட்டவில்லை, அதனால் அந்தக் கதை அழகாக இருக்க முடிகிறது. அதே ‘ஜார் சாகவில்லை’தான் புகச்சோவின் வாயில் ஊர்களை எரித்தது. அவனுடைய மார்பில் ஒரு பக்கம் ஐந்து கோபெக் நாணய அளவில் இரட்டைத்தலைக் கழுகும் மறுபக்கம் அவனுடைய உருவமும் இருக்கிறது, குளியலறையில் காட்டினார் என்று ‘கேப்டன் மகள்’ கொசாக் ஒருவன் மெய்சிலிர்த்துச் சொல்வான். சிரிக்கலாம், ஆனால் அந்த மச்சத்தை நம்பி ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். கதரீன் ராணி அதை நன்றாகப் புரிந்துகொண்டார். 1775 ஜனவரியில் புகச்சோவின் தலையை வெட்டிய கையோடு, எல்லாமே மறந்துபோகட்டும் என்று யாயிக் நதியின் பெயரையே உரால் என்று மாற்றிவிட்டார்.

மறதி அப்படி ஆணையிட்டு வருமா? 58 வருஷம் கழித்து, 1833-இல் புஷ்கின் ஓரன்பர்க் பக்கம் போனபோது, பேர்தா என்ற கொசாக் ஊரில் புகச்சோவை நேரில் பார்த்த கிழவி ஒருத்தி இருந்தாள். அவரோடு போன எழுத்தாளர் விளதீமிர் தால் எழுதிவைத்திருக்கிறார். கிழவி பாட்டுகள் பாடினாள், பார்த்ததைச் சொன்னாள், புஷ்கின் மகிழ்ந்துபோய் ஒரு தங்கக் காசு கொடுத்துவிட்டு வந்தார். ஊர்ப் பெண்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுநாளே வண்டி கட்டி, கிழவியையும் காசையும் ஏற்றிக்கொண்டு ஓரன்பர்க் போய் அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார்கள்: நேற்று யாரோ வெளியூர்க்காரன் வந்தான், குள்ளம், சுருட்டை முடி, மாநிறம், புகச்சோவ் கலகத்தைக் கிளறிவிடப் பார்த்தான், தங்கம் கொடுத்தான், விரலில் நகத்துக்குப் பதிலாகக் கூர்நகங்கள், கட்டாயம் அந்திக்கிறிஸ்துவாகத்தான் இருக்கும். புஷ்கினுக்கு நீளமாக நகம் வளர்க்கும் பழக்கம். விஷயத்தைக் கேட்டு அவர் ரொம்ப நேரம் சிரித்தார் என்கிறார் தால்.